நோயாளிக்கும் ஓர் இடம்

சிறுநீரக நோய் தொடர்பான சட்டங்களுக்கு வழிகாட்ட மாநில ஆலோசனைக் குழு ஒன்றை அமைக்கச் சட்டம் கொண்டுவரப் போவதாகவும், அதன் வரைவு பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்றும் பத்திரிகையில் செய்தி வந்தது. ஏழு வருடமாக டயாலிசிஸ் செய்துகொள்ளும் தையல்காரம்மா, கணவரைக் கூட்டிக்கொண்டு கருத்துக் கேட்பு அரங்குக்குப் போனார்.

வரைவில் குழுவுக்கு எட்டு இடங்கள் இருந்தன. டாக்டர்கள், அதிகாரிகள், மருத்துவமனை முதலாளிகள் எல்லாரும் இருந்தார்கள். நோயாளி ஒருவர்கூட இல்லை.

மைக்கைப் பார்த்ததும் தையல்காரம்மாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.

“அவசரமில்லம்மா. தண்ணி குடிச்சிட்டு மெதுவா சொல்லுங்க” என்றார் வரைவை எழுதிய சட்ட அதிகாரி.

“ஒரு வாய்தான் சார் குடிக்கலாம். நாள் பூரா எனக்கு முக்கால் லிட்டர்தான்” என்றார் அவர். “இந்த அளவு டாக்டருக்குத் தெரியும். தாகம் எங்களுக்குத்தான் தெரியும். எங்கள்ல ரெண்டு பேரையாவது சேத்துக்கங்க.”

அதிகாரி அப்போதே குறித்துக்கொண்டார். “டயாலிசிஸ் நாள் போக, கூட்டம் எந்தக் கிழமை வெச்சா உங்களுக்குத் தோதுப்படும்?” என்றும் கேட்டார். ஏழு வருடத்தில் எந்த அலுவலகத்திலும் யாரும் கேட்காத கேள்வி அது. தையல்காரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

நான்கு மாதத்தில் சட்டம் நிறைவேறியது. உறுப்பினர் நியமனக் கடிதத்துடன் அவர் முதலில் அந்த அதிகாரியின் அறைக்குத்தான் போனார்.

“சொன்னது நீங்கதானேம்மா” என்றார் அதிகாரி.

“காது குடுத்தது நீங்க சார். அது பெரிசு.”

வெளியே வந்ததும், கூட வந்திருந்த கணவர் பெருமூச்சு விட்டார். “வீட்ல எனக்குச் சட்டம் போட்டது பத்தலையா? இனி மாநிலத்துக்கேவா?”

படி இறங்கும்வரை தையல்காரம்மாவின் சிரிப்பு அடங்கவில்லை.