ஜன்னலுக்கு வெளியே ஓர்லா

ஜன்னல் கொக்கியில் கை வைத்த டெக்லன் அப்படியே நின்றுவிட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நர்ஸ் ஓர்லா, முகக்கவசத்துக்கு மேலே கண்ணை உருட்டி, ‘திற, திற’ என்று சைகை காட்டினாள்.

எங்கள் மேயோ மாவட்டத்துப் பக்கத்தில் உயிர் பிரிந்த பிறகுதான் அந்த அறையின் ஜன்னலைத் திறப்பார்கள். ஆவி போகிற வழியில் யாரும் நிற்கவும் கூடாது. அம்மா போனபோது அப்பாதான் திறந்தார். இப்போது அதே கட்டிலில் அப்பா மாலக்கி படுத்திருக்கிறார். நுரையீரலில் புற்று. மனிதர் உயிரோடு இருக்கும்போதே எப்படித் திறப்பது?

“கதவு வழியா வாயேன்!” என்று கத்தினான்.

“வரக்கூடாதுடா. காலைல முதியோர் இல்லத்துல இருந்தேன். பதினோரு பேருக்குக் கொரோனா. கடைசி பாதுகாப்பு கவுனையும் அங்கயே கழட்டிப் போட்டாச்சு. அடுத்த பெட்டி வியாழக்கிழமைதான் வருமாம்.”

அன்று செவ்வாய். வலி வியாழக்கிழமை வரை காத்திருக்குமா? நேற்றுவரை ஓர்லாதான் தினமும் வந்து மருந்து ஏற்றினாள். அவள் இல்லாவிட்டால் ஆம்புலன்ஸ்தான். ஆஸ்பத்திரிக்குள் டெக்லனை விடமாட்டார்கள். ‘இந்தக் கட்டில்லயே முடியட்டும்டா’ என்று அப்பா கேட்டிருந்தார். சரி என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

“ஆம்புலன்ஸா, ஜன்னலா? சீக்கிரம் சொல்லு, இன்னும் ஒன்பது வீடு இருக்கு.”

“அப்பா இன்னும் இருக்காரு ஓர்லா. இப்பவே திறந்தா...”

கட்டிலிலிருந்து கரகரவென்று குரல் வந்தது. “திறடா மடையா. போறதா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன்.”

திறந்தான். ஏப்ரல் காற்று சில்லென்று உள்ளே வந்தது. ஓர்லா கையைச் சுத்தம் செய்து, புதுக் கையுறை மாட்டி, மருந்தைச் சிரிஞ்சில் அளந்து எடுத்தாள். தட்டோடு ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு நாலடி பின்னால் போனாள்.

“டாக்டர்கிட்ட போன்ல கேட்டுட்டேன், நீயே போடலாம்னாரு. நேத்து அவரு கையில ஒரு சின்னக் குழாய் வெச்சேன்ல? அதுல மாட்டி மெதுவாத் தள்ளு. ஆட்டுக்கெல்லாம் போடறவன்தானே?”

“இவன் ஊசி போட்ட ஆடு எத்தனை பிழைச்சுதுன்னு கேளு,” என்றார் அப்பா.

ஓர்லா சிரித்ததில் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. டெக்லனுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் கையை மடியில் வைத்து, சிரிஞ்சைக் குழாயில் மாட்டினான்.

“எண்ணிக்கிட்டே தள்ளு. நானும் எண்ணறேன். ஒண்ணு...”

இருவரும் அறுபதுவரை எண்ணினார்கள். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் நெற்றிச் சுருக்கம் தளர்ந்தது. டெக்லனுக்கு அழுகை முட்டியது. நாற்பத்தெட்டு வயதில் அப்பாவுக்கென்று உருப்படியாக ஒன்று செய்துவிட்டோம் என்று தோன்றியது. மதியம் முழுக்க அப்பா தூங்குவதும், விழித்து ஆடுகளை விசாரிப்பதுமாக இருந்தார்.

ஒன்பது வீட்டையும் முடித்துவிட்டு ஆறரைக்கு ஓர்லா திரும்ப வந்தாள். மூக்கின் மேல் முகக்கவசம் அழுத்தி அழுத்திப் புண்ணாகியிருந்தது. ஜன்னல் வழியாக அப்பாவின் மூச்சைக் கவனித்தாள். மருந்துப் பெட்டியைத் திறக்கவில்லை.

“இனி மருந்து தேவைப்படாது டெக்லன். கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காரு.”

அப்பா கண்ணைத் திறக்காமலே முணுமுணுத்தார். “பொண்ணை வெளிய நிக்க வெச்சிருக்கான்... ஒரு டீ கூடக் குடுக்கல.”

டெக்லன் ஓடிப்போய் டீ போட்டு விளிம்பில் வைத்தான். முகக்கவசத்தைக் கழற்றினால் மாற்ற ஓர்லாவிடம் இன்னொன்று இல்லை. அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவன் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டான். மூச்சு இடைவெளி விட்டு வந்தது. பிறகு வரவில்லை.

டெக்லன் எழுந்து போய்க் கொக்கியைத் தேடினான். ஜன்னல் திறந்தேதான் இருந்தது.

வெளியே ஓர்லா, ஆறிப்போன டீயைச் சிந்தாமல் பிடித்தபடி, ஜன்னலை விட்டு நகர்ந்து சுவரோரமாக ஒதுங்கி நின்றாள்.