இரண்டு மேல்வரிசை

தண்ணீர் சொட்டச் சொட்ட இரண்டு பல்செட்டுகளை இரண்டு உள்ளங்கைகளிலும் ஏந்திக்கொண்டு, எது யாருடையது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார் மாஸ்டர். இரண்டும் மேல்வரிசை. இரண்டுக்கும் ஒரே நிறத்துப் பல், ஒரே ரோஜாநிற ஈறு. ஒன்று ரிட்டயரான பஸ் கண்டக்டருக்கு, இன்னொன்று ரிட்டயரான கணக்கு டீச்சருக்கு. அதுவரைக்கும் நினைவிருந்தது. வலது கையில் இருப்பது கண்டக்டரா, டீச்சரா? ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செட்டுகள் இரண்டும் அவரைப் பார்த்துச் சிரித்தன. அதற்கு மேல் ஒரு தகவலும் சொல்லவில்லை.

பல் டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் பின்னால், ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அறை அது. அங்கே இருபத்திரண்டு வருஷமாகப் பல்செட் செய்கிறார். வாயில் எடுத்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, அதன்மேல் மெழுகில் பல் அடுக்கி, மெழுகு இருந்த இடத்தில் பிளாஸ்டிக் ஈறை வேகவைத்து, கடைசியில் பிளாஸ்டரை உடைத்துச் செட்டை வெளியே எடுக்க வேண்டும். மற்ற இடங்களில், நம்பர் கீறிய பிளாஸ்டர் துண்டைச் செட்டோடு சேர்த்தே வைத்திருப்பார்கள், டப்பாவுக்குள் போகிறவரைக்கும். மாஸ்டர் உடைத்த கையோடு பெருக்கித் தள்ளிவிடுவார். "நம்பரெல்லாம் மறதிக்காரனுக்கு. நான் மூஞ்சிய மறந்தாலும் வாய மறக்க மாட்டேன்," என்பார். ஜம்பமில்லை, நிஜமே அதுதான். தெருவில் நிறுத்திக் குசலம் விசாரிக்கிறவர் யாரென்று தெரியாமல் விழிப்பார். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "அந்தக் கோணல் அண்ணத்துக்காரர் உன்னைக் கேட்டதா சொன்னார்," என்பார்.

அதெல்லாம் ஒன்பது மாதத்துக்கு முன்னால்.

கட்டைவிரலில் ஒரு கீறல், அவ்வளவுதான். பல்லைத் தேய்க்கும் மிஷின் ஊசி வழுக்கிப் பட்டது. கடுகளவு ரத்தம். இதற்கெல்லாம் டாக்டரிடம் போனால் சிரிப்பார்கள் என்று துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்த்தார். மூன்றாம் நாள் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. மத்தியானத்துக்குள் மனைவியைப் பார்த்து, "அம்மா, ஸ்கூலுக்கு நேரமாச்சு," என்றாராம். ஆஸ்பத்திரியில், ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது, செப்சிஸ், இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கையை விரித்திருப்போம் என்றார்களாம். எல்லாமே பிறர் சொல்லிக் கேட்டதுதான். குழாய்களுக்கு நடுவே கிடந்த பதினோரு நாளில் ஒரு நாள்கூட அவர் கணக்கில் மிஞ்சவில்லை. வீட்டுக்கு வரும்போது இடதுகாலில் மூன்று விரல் இல்லை. தலையில் கை வைத்தால் முடி கொத்தாக வந்தது.

முடி திரும்ப முளைத்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், "பொழச்சு வந்தீங்களே, அதுவே பெரிசு. ஆளு அப்படியே இருக்கீங்க!" என்றார்கள். அப்படியே இருக்கிற ஆளுக்கு மூன்று மணிக்கு மேல் கை துவண்டுவிடுகிறது. பேச ஆரம்பித்த பேச்சு பாதிவழியில் இறங்கிப் போய்விடுகிறது. இதை யாரிடம் சொல்வது? உயிரைத் திருப்பிக் கொடுத்தவர்களிடமே போய், கொடுத்தது சரியில்லை என்று குறை சொல்வதுபோல் இருக்காதா? "சின்னச் சின்னது மறக்குது," என்று மனைவியிடம் மட்டும் ஒருநாள் மெதுவாக அவிழ்த்தார். அவள், "மறந்தா மறந்துட்டுப் போகுது. எங்க அண்ணன்கூடப் போட்ட சண்டைய மறந்தீங்களே, எனக்கு அதுவே லாபம்," என்று சிரித்தாள். அவரும் கூடச் சிரித்துவைத்தார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

"அண்ணே, ரெடியா? மேடம் ஃபோன்மேல ஃபோன் போடுறாங்க. அவங்க வர்றதுக்குள்ள ரெண்டையும் வீட்டுல குடுத்துடணுமாம். ஒரு வாரம் போட்டுப் பழகட்டும், முதல்ல வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கச் சொல்லுன்னாங்க."

கிளினிக்கின் உதவியாள் அவள். சைக்கிள்காரர்கள்கூட முந்திப் போகிற வேகத்தில் ஸ்கூட்டர் ஓட்டுவாள் என்பதால், 'எக்ஸ்பிரஸ்' என்று பேர் வைத்தது மாஸ்டர்தான். அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் அவர் மனைவியை அந்த ஸ்கூட்டரின் பின்னால் உட்காரவைத்துக் கொண்டுபோய்க் கொண்டுவந்தவள்.

டாக்டரம்மா வெளியூரில் இருந்தார். ஒரு நாள் பொறு என்று சொல்லியிருக்கலாம். ஏன் என்று கேட்பாள். என்ன சொல்வது? வலது கையில் இருந்ததை ஒரு டப்பாவில் போட்டு, 'டீச்சர்' என்று சீட்டு வைத்து மூடினார். பெண்களுக்கு அண்ணம் சின்னதாகத்தானே இருக்கும், இது கொஞ்சம் சின்னது. அந்தச் சமாதானத்தை நம்பாமலே ஏற்றுக்கொண்டார். மற்றது கண்டக்டருக்கு. எக்ஸ்பிரஸ் டப்பாக்களைக் கவரில் போட்டு விலாசம் எழுதிக்கொண்டு கிளம்பினாள்.

நாலு நாள் கழித்துச் சாயங்காலம் கண்டக்டர் நேரிலேயே வந்துவிட்டார், செட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு. அன்றுதான் ஊரிலிருந்து வந்த டாக்டரம்மாவின் முன்னால் அதைப் போட்டுக் காட்டினார். 'டிக்கெட்' என்று சொல்ல வாயைத் திறந்தார். பல் முதலில் வந்தது, சொல் பின்னால் வந்தது.

"பாத்தீங்களா டாக்டர்? நான் பேசறதுக்குள்ள அது இறங்கி நிக்குது. ஓடுற வண்டியில இப்படி இறங்கினா நான் விட்டிருப்பேனா?"

யாரும் சிரிக்கவில்லை. டாக்டரம்மா அதைக் கையில் வாங்கி ஒரு பார்வை பார்த்தார். "இது டீச்சரோடது." உடனே டீச்சருக்கு ஃபோன் போட்டார். டீச்சரின் குரல் ஸ்பீக்கரில் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. "வலிதான் டாக்டர். புதுசுன்னா வலிக்கும்னு சொல்லியனுப்பினீங்களே, கழட்டாமத்தான் போட்டிருந்தேன். இப்ப படுத்துட்டேன், காலைல வரச் சொல்லுங்க." மணி ஆறுதான் ஆகியிருந்தது. செட்டைக் கழற்றி வைக்கச் சொல்லிவிட்டு டாக்டரம்மா ஃபோனை வைத்தார்.

கண்டக்டர் போனபின் டாக்டரம்மா எக்ஸ்பிரஸ் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு டப்பா, ரெண்டு விலாசம். இதுகூட முடியலன்னா எதுக்கு வேலைக்கு வர்றே?"

"மேடம், நான் சீட்டப் பாத்துத்தான்…"

"மாஸ்டர், கவர்ல போடும்போது மாத்திட்டாளா?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடமிருந்து போன எந்த வாயும் மாறியதில்லை. அந்தக் கேள்வியில் சந்தேகமே இல்லை, மரியாதைதான் இருந்தது.

"இருக்கும்," என்றார் மாஸ்டர்.

"இந்த மாசத்தோட நின்னுக்கோ," என்றார் டாக்டரம்மா அவளிடம். பிறகு, "காலைல நீங்களும் கூடப் போய் டீச்சர் வாயப் பாத்துட்டு வாங்க மாஸ்டர். இவ கையில குடுத்தா அது மூணாவது வீட்டுக்குப் போயிடும்."

அன்று வீட்டில் மனைவி, "என்ன, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்றதற்கு, "கால் வலி," என்றார். அவள் எண்ணெய் எடுத்துவந்து, விரல் இல்லாத இடத்தைச் சுற்றி நீவிவிட்டாள். பாதத்தை இழுத்துக்கொள்ளவும் முடியவில்லை, வைத்திருக்கவும் கூசியது.

காலையில் டீச்சர் வீட்டு மாடிப்படியில் எக்ஸ்பிரஸ் முன்னால் போனாள், அவர் ஒவ்வொரு படியாகப் பின்னால் போனார். கதவைத் திறந்த டீச்சர், வெயில் ஏறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் கம்பளியைப் போர்த்தியிருந்தார். நாற்காலியில் உட்கார்ந்த பின்னும், இன்னும் படி ஏறிக்கொண்டிருப்பவர் மாதிரி மூச்சு வாங்கியது.

"வாங்க தம்பி. தனியா இருக்கேன், ஒண்ணும் போட்டுத் தர முடியல," என்று சொல்லிவிட்டு, டம்ளரில் கழற்றிப் போட்டிருந்த செட்டைக் காட்டினார். மாஸ்டர் டார்ச் அடித்து வாய்க்குள் பார்த்தார். அகலமான, தாழ்ந்த அண்ணம். எந்தக் குழந்தையும் சொல்லிவிடும், அந்தச் செட் இதற்கு இல்லை என்று. ஓரம் அழுந்திய இடமெல்லாம் அறுத்திருந்தது. வலப்பக்கம் வெள்ளையாகச் சீழ் கட்டி, கன்னம் வரை வீங்கியிருந்தது.

"நாலு நாளும் போட்டிருந்தீங்களா டீச்சர்?"

"டாக்டர் சொன்னா கேக்கணுமில்ல? நான் சொன்னத எத்தனை பிள்ளைங்க கேட்டிருக்கும்!" சிரிக்கப் பார்த்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "சர்க்கரை உடம்பு வேற. லேசாக் குளிருது. சாயங்காலம் சரியாயிடும்."

லேசாகக் குளிருது. மாஸ்டரும் அன்று அப்படித்தான் சொன்னாராம். புத்தி தெளிவாக இருக்கிறதா என்று ஒன்று கேட்டுப் பார்க்க வேண்டும், ஆனால் என்ன கேட்பது?

"டீச்சர், ஏழெட்டு எத்தனை?"

"பாருடா, எனக்கே பரீட்சையா?" டீச்சர் கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் ஆனது. உதடுகள் எதையோ தேடின. "அம்பத்தி… நாலு."

சரியா தப்பா? மாஸ்டருக்குத் தெரியவில்லை. ஏழு, பதினாலு, இருபத்தொண்ணு என்று மனசுக்குள் ஏறிப் போனவர் நாலாவது படியிலேயே நின்றுவிட்டார். வேறு வழியில்லாமல் எக்ஸ்பிரஸ் முகத்தைப் பார்த்தார். அவள் அவரைத்தான் வினோதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்பத்தாறு," என்றாள் மெதுவாக.

"கிளம்புங்க டீச்சர். ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"இந்த வாய்ப்புண்ணுக்கா? நல்லா சிரிப்பாங்க தம்பி. மஞ்சத்தண்ணில கொப்புளிச்சா…"

மாஸ்டர் தரையில் உட்கார்ந்து வாசலில்கூடக் கழற்றாமல் வந்த இடதுகால் ஷூவின் கயிற்றை அவிழ்த்தார். இழுத்த இழுப்பில் முடிச்சு இறுகியது. கடைசியில் ஷூவை அப்படியே பிடுங்கி எடுத்தார். காலுறையையும் உருவினார். உள்ளே பந்துபந்தாக அடைத்திருந்த பஞ்சு தரையில் உருண்டது. ஒன்பது மாதமாக மனைவியையும் டிரஸ்ஸிங் நர்ஸையும் தவிர யாருக்கும் காட்டாத கால். பெருவிரலும் பக்கத்து விரலும் இருந்தன. அதற்கு மேல் பளபளவென்று இழுத்துத் தைத்த தோல்.

"எனக்குக் கட்டைவிரல்ல ஒரு கீறல் டீச்சர். கடுகளவு. சிரிப்பாங்கன்னுதான் நானும் போகல."

டீச்சர் காலையே பார்த்தார். எக்ஸ்பிரஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். இத்தனை தூரம் வந்தாயிற்று, இனி காலை மட்டும் காட்டிவிட்டு எழுந்திருக்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது.

"அதோட போகல. புத்தியிலயும் கொஞ்சம் எடுத்துட்டுப் போயிடுச்சு. செட்ட மாத்தி வச்சது நான்தான். கவர்ல மாறல. எது யாரோடதுன்னு எனக்குத் தெரியல, கேக்க வெக்கமா இருந்துச்சு, ஏதோ ஒண்ண எடுத்து உங்க பேரு போட்டேன்."

இதைச் சொல்லும்போது அவர் டீச்சரையும் பார்க்கவில்லை, எக்ஸ்பிரஸையும் பார்க்கவில்லை, தன் காலிடம்தான் சொன்னார். பிறகு டீச்சர் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "செருப்பு எங்க வச்சேன்னு தெரியலையே," என்றார். எக்ஸ்பிரஸ் குனிந்து தேடி எடுத்துப் போட்டுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் டீச்சரின் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினாள், பிரஷர் பார்த்தாள், இன்னொரு முறை பார்த்தாள். அதன் பிறகு நடை ஓட்டமானது. "எப்படி வந்துச்சு இந்தப் புண்ணு? கூட வந்தது யாரு?" என்று கேட்டுக்கொண்டே சக்கர நாற்காலியைத் தள்ளினாள். "நான் பண்ணினதும்மா," என்றார் மாஸ்டர். நர்ஸ் ஒரு நொடி அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அப்ப இங்கயே உக்காருங்க, எங்கயும் போயிடாதீங்க," என்றாள். கதவு இரண்டு பக்கமும் ஆடி ஆடி நின்றது.

வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தார். அவசரத்தில் இடதுகாலில் காலுறை போடாமலே ஷூவை மாட்டியிருந்தார். எக்ஸ்பிரஸ் வந்து, ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். நடு நாற்காலியில் ஹெல்மெட்டை வைத்தாள்.

"மேடம் திட்டினது கூட ஒண்ணுமில்லண்ணே," என்றாள், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி. "நேத்து வீட்டுல உக்காந்து யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன். எந்த டப்பாவ எந்தக் கவர்ல போட்டேன்னு. நான் சரியாப் போட்டது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா நீங்க 'இருக்கும்'னு சொன்னீங்களா… நீங்களே சொல்லிட்டா அப்ப எனக்குத்தான் ஞாபகம் கெட்டுப்போச்சுன்னு நெனச்சுட்டேன். விடியறவரைக்கும் எனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துகிட்டே இருந்தேன்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"என்கிட்ட ஒண்ணும் சொல்ல வேணாம்," என்றாள். கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்து, டாக்டரம்மாவின் நம்பரைத் தொட்டு, ஹெல்மெட்டுக்கு மேலாகக் கையை நீட்டினாள். அவர் வாங்கிக் காதில் வைத்துக்கொண்டார். ஃபோனின் கண்ணாடி அவள் கைச்சூட்டில் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தப் பக்கம் மணி அடித்தது. உள்ளே, ஆடி நின்ற கதவுக்குப் பின்னால் யாரோ உரத்த குரலில் டீச்சரிடம் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது மணி. நாலாவது. எக்ஸ்பிரஸ் ஹெல்மெட்டின் வாரைப் பிடித்து, கொக்கியை மாட்டினாள், கழற்றினாள், மறுபடி மாட்டினாள்.

"ஹலோ?" என்றது ஃபோன். "சொல்லு, என்ன ஆச்சு அங்க?"