வாவிக்குள் போகாத ஒஸ்ரின்

மட்டுநகர் பழங்கார்ச் சங்கத்தில் ஏழு உறுப்பினர், ஐந்து கார். கார் இல்லாத இருவரில் ஒருவர் இறந்துவிட்டார். பெயரை இன்னும் வெட்டவில்லை. மற்றவன் எங்கள் தலைவன் யோகராசா.

அவனிடமும் ஒரு கார் இருந்தது. கறுப்பு ஒஸ்ரின் ஏ ஃபோர்ட்டி. தொண்ணூற்றொன்றில், சண்டைக்குப் பயந்து குடும்பத்தோடு காட்டுப் பக்கம் இடம்பெயர்ந்தபோது கார்த் திறப்பை என் கையில் தந்து, "பாத்துக்கொள் கா" என்றான். பதினொரு நாள் பார்த்துக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் ஒரு லொறி முதலாளி வந்தார். பொலன்னறுவைக்குப் போகும் லொறியில் எனக்கும் மனைவிக்கும் இடம் வேண்டுமென்றால் கார் தனக்கு வேண்டும் என்றார். கொடுத்தேன்.

அடுத்த வருடம் யோகராசா திரும்பி வந்து கேட்டான். கார் குருமண்வெளிப் பாதையிலிருந்து வாவிக்குள் விழுந்துவிட்டது என்றேன். பாதை என்றால் எங்கள் பக்கத்தில் ஆளையும் மாட்டையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. வெறுமனே விழுந்துவிட்டது என்றால் பொய் மாதிரி இருக்கும். ஆகவே கொஞ்சம் சேர்த்தேன். முன்விளக்கு இரண்டும் தண்ணீருக்குள் மூன்று நாள் எரிந்தன. வெளிச்சத்துக்கு வந்த இறாலை அள்ளி அந்தக் கரையில் நான்கு பேர் கல்வீடு கட்டினார்கள். பின்னாசனத்தில் நண்டுகள் வரிசையாக இருந்து பயணம் போவதைச் சுழியோடி ஒருவன் கண்ணால் கண்டான்.

ஊரில் என் கதைகளை யாரும் நம்புவதில்லை, யோகராசாவைத் தவிர. அவன் ஒன்று விடாமல் நம்புவான்.

நம்பியதோடு நிற்கவில்லை. ஒவ்வோர் ஆவணியிலும் வாவித் தண்ணீர் வற்றியிருக்கும்போது தோணி ஒன்றை எடுத்துக்கொண்டு, நீளக் கம்பால் அடிச்சேற்றைக் குத்திக் குத்திப் பார்ப்பான். முப்பத்துமூன்று ஆவணி. இரண்டு சைக்கிளும் ஒரு தையல் மெசினும் அகப்பட்டன. தோணி முனையில் இருந்து, இன்னும் கொஞ்சம் வடக்கே, இன்னும் கொஞ்சம் கிழக்கே என்று இடம் காட்டியது நான்.

இந்த வருடம் ஆனி மாதம் பாசிக்குடாவில், ஒரு ஹோட்டல் புல்வெளியில் பழங்கார்க் காட்சி வைத்தார்கள். எங்கள் ஐந்து காரும் அணிவகுத்துப் போயின. யோகராசா வழக்கம்போல என் மொறிஸ் மைனரில். செங்கலடிச் சந்தியில் ஐந்துக்கும் ஒரே நேரத்தில் தண்ணீர் கொதித்தது. பொனற்றைத் திறந்துகொண்டு வரிசையாக நின்ற எங்களைப் பார்த்துப் பழைய இரும்பு எடுக்கிறவன் வந்து, மொத்தம் எத்தனை கிலோ வரும் என்று கேட்டான். எங்கள் செயலாளர் வின்சன்ற் அவனோடு சண்டைக்குப் போனார். ஓட்டமாவடி றிஸான், "கோவிக்காதீங்க அண்ணே, உங்களையும் சேத்து நிறுக்கிறாராம்" என்றான்.

காட்சியில் யோகராசாவை நடுவராக்கினார்கள். கார் இல்லாத நடுவர் பக்கம் சாயமாட்டார் என்று நினைத்திருக்கலாம். வேலை இதுதான்: எந்தக் கார் கொம்பனியில் செய்து வந்தபடியே இருக்கிறது என்று பார்ப்பது. புதிதாகப் போட்ட துளைக்கும், மாற்றிய ஆணிக்கும் புள்ளி குறையும். அவன் பலகையும் பென்சிலுமாக நடந்தான். நான் பின்னால் போனேன்.

ஒன்பதாவதாக நின்றது அது. கறுப்பு போய்ப் பச்சை அடித்திருந்தது. ஆனால் பொருளை இழந்தவனைவிட, அதைக் கைமாற்றிவிட்டவனுக்குத்தான் அடையாளம் முதலில் தெரியும்.

"யோகு, அங்கால சாப்பாடு முடியப் போகுது கா. நண்டுக்கறி" என்றேன்.

"நான் நண்டு தின்னுறல்ல எண்டு உனக்குத் தெரியாதா? உன்ட கதையைக் கேட்ட நாளில இருந்து தின்னல்ல."

சொல்லிக்கொண்டே அந்தக் காரடிக்குப் போய்விட்டான்.

காரின் சொந்தக்காரர் மாத்தளை டொக்டர். மாமனார் வழியாக வந்த கார் என்றார். பொனற்றைத் திறந்து காட்டினார். எஞ்சினுக்குப் பின்னால், சாரதியின் கால் பக்கத்துத் தகட்டில், பென்சில் நுழையுமளவு ஒரு துளை இருந்தது.

"இதுதாங்க என்னன்னே தெரியல. ரேடியோ வயருக்குப் போட்டதா இருக்கும்" என்றார் டொக்டர்.

"ரேடியோ இல்ல தம்பி. சேலைன் குழாய்" என்றான் யோகராசா. "பெற்றோல் இல்லாத காலம். கார் மண்ணெண்ணெயில ஓடும், ஆனா குளிர்ந்த எஞ்சின் அதில ஸ்ராட் வராது. சேலைன் போத்தல்ல ஒள்ளுப்பம் பெற்றோல் ஊத்தி சீற்றுக்குப் பக்கத்தில தூக்கி, இந்த ஓட்டையால குழாயைக் கொண்டுபோய், எஞ்சின் சூடாகுமட்டும் சொட்டுச் சொட்டா விடுற. நோயாளிக்கு ஏத்துற மாதிரி."

டொக்டருக்குப் பெரிய சந்தோசம். வின்சன்றையும் றிஸானையும் கைகாட்டிக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

யோகராசா சொல்லவில்லை. அவனுடைய விரல் துளையிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போயிருந்தது. அங்கே பச்சைப் பெயின்ருக்குக் கீழே சதுரமாக ஒரு தடிப்பு. நகத்தால் சுரண்டினான். பழைய ஐந்து சதம். முதல் துளையை இடம் பிழைத்துப் போட்டுவிட்டு, அதை மூட அவனே பற்றவைத்த நாணயம். அன்றைக்கு ரோச் பிடித்துக்கொண்டு நின்றவன் நான்.

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கோபம் இல்லை. நான் விளக்குவேன் என்று காத்திருந்தான்.

"கனகு, இது எப்பிடிக் கா வெளியில வந்த?"

"சொல்லுங்க அண்ணே" என்றான் றிஸான். "நண்டுதான் ஓட்டிக்கிட்டு வந்திரிக்கும்."

நண்டைவிட நல்ல கதை ஒன்று என் வாயில் தயாராக இருந்தது. பெருவெள்ளம், சேறு வாரும் மெசின், கடல் முகத்துவாரம். அவன் நம்பியிருப்பான். அடுத்த ஆவணிக்குத் தோணி தேவைப்பட்டிருக்காது, வேறொன்றும் மாறியிராது. ஆனால் அவன் விரல் இன்னும் அந்த ஐந்து சதத்தின் மேலேயே இருந்தது.

"அது வாவிக்குள்ள போகல்ல" என்றேன். "ஒரு லொறி முதலாளிக்கு நான்தான் குடுத்த. எனக்கும் மனிசிக்கும் லொறியில இடம் தந்தார். மறுகா நீ வந்து கேக்கக்குள்ள, சொல்லப் பயத்தில வாவி எண்டு சொன்னன்."

வின்சன்ற்தான் முதலில் சிரித்தார். பிறகு றிஸான் வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "இந்தக் கிழவன் முகத்தைப் பாருங்க, ஒரு அசைவு இல்ல" என்றான். டொக்டரும் கண்ணைத் துடைத்தார். எல்லோருமாக என் தோளில் தட்டினார்கள்.

என் பொய்யையெல்லாம் நம்பிய யோகராசா இதையும் நம்பினான்.

பொனற்றை மெதுவாக மூடினான். சிரிப்பு அடங்கி மற்றவர்கள் அடுத்த காருக்கு நகர்ந்த பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்.

"கார் போனாப் போகட்டும் கா. வருசா வருசம் என்னோட தோணியில வந்து இருந்தியே."

"ஓம்."

"வடக்க எண்டாய். கிழக்க எண்டாய்."

"ஓம்."

"வெயிலுக்கு எனக்குக் குடையும் பிடிச்சாய்."

அதற்கும் ஓம் என்றேன்.

அவன் பலகையை எடுத்து, அந்தத் துளைக்கும் நாணயத்துக்கும் புள்ளி ஒன்றும் குறைக்காமல் எழுதினான். பச்சை ஒஸ்ரினுக்கு முதற்பரிசு. பரிசைக் கொடுக்க நடுவரைத் தேடியபோது ஆளில்லை. வாழைச்சேனைக்கு நடந்துபோய்ப் பஸ்ஸில் ஏறினானாம்.

இந்த ஆவணியில் யாரும் தோணி எடுக்கவில்லை. புரட்டாதியில் யோகராசாவின் விலகல் கடிதம் வந்தது. இரண்டு வரி, காரணம் இல்லை. வின்சன்ற் வாசித்துவிட்டு, வயசு போயிற்று, பாவம் என்றார். கார் உள்ளவர்களுக்குள் மூத்தவன் நான் என்பதால் என்னைத் தலைவராக்கினார்கள்.

இப்போது கூட்டத்துக்குக் கூட்டம் அந்த லொறிக் கதையைத்தான் கேட்கிறார்கள். ஒரு சொல் மாற்றாமல் நடந்ததை நடந்தபடியே சொல்லிவந்தேன். மூன்றாம் கூட்டத்தில் சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது. போன மாதம் லொறிக்குள் ஒரு யானையை ஏற்றினேன்.