பெரியவள் பெயரில் ஒரு அறை

மூத்த மகள் காய்ச்சலில் இறந்துபோனதிலிருந்து லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. சாப்பாடுகூட நின்றபடிதான். தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு சமையலறைக்கும் வாசலுக்குமாக நடப்பார்.

“கால்ல சக்கரமா கட்டியிருக்கு? ரெண்டு நிமிஷம் உக்காந்து சாப்பிட்டா என்ன குறைஞ்சா போயிடுவீங்க?” என்பாள் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மனைவி.

குறைந்துதான் போவார். உட்கார்ந்தால் எதிரே இருக்கும் காலி நாற்காலி கண்ணில் படும். அதை அவர் சொன்னதில்லை. அவளுக்கும் அது தெரியாமல் இல்லை.

பெரியவளுக்கு டீச்சர் வேலை என்றால் உயிர். ஆகவே அவள் பெயரில் ஓர் அறக்கட்டளை, பிள்ளைகளுக்கு மாலைநேர இலவச வகுப்பு என்று ஒருநாள் முடிவுசெய்தார். அவ்வளவுதான், மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. சைக்கிள் கடை மாடியில் அறை பிடித்தார், சுவருக்கு அவரே வெள்ளையடித்தார், அது பிடிக்காமல் மறுபடி அடித்தார். பெஞ்சு செய்யும் தச்சரை நிம்மதியாக ஓர் ஆணி அடிக்க விடவில்லை. பாடம் நடத்த மகளுடைய கல்லூரித் தோழிகள் இருவர் ஒப்புக்கொண்டார்கள். முடிவெட்டும் கடை வைத்திருக்கும் மனைவியின் தம்பி செயலாளர். வாடிக்கையாளரின் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டுதான் அவர் அறக்கட்டளைக்கு ஆதரவு கேட்பார். யாரும் இதுவரை மறுத்ததில்லை.

தொழிலில் மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. லிஃப்ட் நடுவழியில் நின்று ஆள் மாட்டிக்கொண்டால், கருவிப்பெட்டியைத் திறப்பதற்கு முன் கதவிடுக்கில் வாயை வைத்து, “பயப்படாதீங்க, நான் இங்கதான் இருக்கேன்” என்பார். கதவு திறக்கும்வரை பேச்சை விடமாட்டார். உள்ளே இருப்பவருக்கு முதலில் வேண்டியது ஒரு குரல்தான் என்பது அவர் கட்சி. வீட்டுக்குள் அந்தக் கட்சி செல்லுபடியாகவில்லை என்பதுதான் எனக்கு அவர்மேல் உள்ள கோபம்.

வீட்டில் இன்னொருத்தி இருந்தாள். நாலாம் வகுப்பு. கூப்பிடுவது குட்டி என்று.

“அப்பா, இந்தப் பின்னம் எப்படிப்பா?”

“அப்புறம்மா. தச்சர் காத்துக்கிட்டிருக்கார். நீ மாமா கடையில போய் இரு.”

மாமா கடையில் அவள் சுழல் நாற்காலியில் சுற்றினாள், பழைய பத்திரிகைகளில் படம் பார்த்தாள். பின்னம் பின்னமாகவே இருந்தது.

“கணக்குல முட்டை வாங்கிட்டு வந்திருக்கா. என்னன்னு கொஞ்சம் கேளுங்க. நான் கடையிலேர்ந்து வர்றதுக்குள்ள இவ தூங்கிடறா” என்று மனைவி ஒருமுறை சொன்னாள்.

“கேக்கறேன், கேக்கறேன்” என்றார் அவர், பெயர்ப்பலகைக்குச் சட்டம் முடுக்கிக்கொண்டே. கேட்கவில்லை.

வகுப்பில் சேர இடத்துக்கு மேல் பிள்ளைகள் வருவார்கள் என்று தெரிந்தது. யாரைச் சேர்ப்பது? மெக்கானிக் ஒற்றைக் காலில் நின்றார். வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைகளுக்கு மட்டும்தான் இடம். வாசலில் நின்று அவரே ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்பார். சிபாரிசு கிடையாது, செயலாளரின் வாடிக்கையாளராகவே இருந்தாலும் சரி.

திறப்பு நாளன்று மாடிப்படி நெடுக வரிசை. மெக்கானிக் மேல்படியில் நின்று கேட்டார்.

“வீட்டுல யாரு சொல்லிக் குடுக்கறா?”

“யாருமில்ல. அம்மா வேலைக்குப் போயிடுவாங்க.”

“உள்ள போம்மா. உனக்கு?”

“எங்கப்பாவுக்குத் திட்ட மட்டும்தான் தெரியும்.”

வரிசை சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தார். முதுகில் பள்ளிப் பையோடு குட்டி நின்றுகொண்டிருந்தாள்.

“நீ எதுக்கும்மா வரிசையில நிக்கறே? உள்ள மாமாகிட்ட போ.”

“நான் சேரத்தான் வந்திருக்கேன்.”

“இது வீட்டுல சொல்லிக் குடுக்க ஆள் இல்லாத பசங்களுக்குடா.”

“தெரியும். எனக்கும் இல்ல.”

கோபமாகச் சொல்லவில்லை. முன்னால் நின்ற பிள்ளைகள் சொன்னது போலவே சொன்னாள். அதனால்தான் அவருக்குச் சுருக்கென்றது.

“ஏன், நாங்க இல்லையா?”

“அக்காதான் சொல்லிக் குடுப்பா” என்றாள் குட்டி. “சாயங்காலம் கதவைச் சாத்திக்கிட்டுக் கத்துவோமே? நீகூட ‘சண்டை போடாதீங்கடி’ன்னு சத்தம் போடுவே. அது சண்டை இல்லப்பா. வாய்ப்பாடு. அவ கேப்பா, நான் சொல்லணும்.”

மகளைப் பறிகொடுத்தது தானும் மனைவியும் மட்டும்தான் என்பதுபோல் மெக்கானிக் இத்தனை மாதமும் ஓடியிருந்தார். இவளும் ஒருத்தியைப் பறிகொடுத்தவள் என்பது உறைக்கவே இல்லை. அக்கா போன வீட்டில் அப்பாவும் நிற்காமல் ஓடினால் பிள்ளை யாரிடம் போய் நிற்கும்? கடைசியில் ஊரார் பிள்ளைகளோடு அவர் முன்னாலேயே வந்து நிற்கிறது. அவமானமும் அழுகையும் ஒன்றாக முட்டின. கால்கள் வழக்கம்போல் எங்கேயாவது போகத் துடித்தன.

சாக்கும் கிடைத்தது. “மச்சான், நாடா வெட்டக் கத்தரிக்கோல் எங்க?” என்று உள்ளேயிருந்து செயலாளர் கத்தினார். கத்தரிக்கோலைத் தேடிய முடிவெட்டுக்காரர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருப்பார்.

“இதோ...” என்று திரும்பிய மெக்கானிக்கின் சட்டையைக் குட்டி பிடித்துக்கொண்டாள்.

“சேத்துக்குவியா, மாட்டியா?”

வாய்க்குப் பழகியது மட்டும்தான் வந்தது.

“பயப்படாதடா. நான் இங்கதான் இருக்கேன்.”

குட்டி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். ஒரு கால் வாசற்படிக்கு அந்தப் பக்கம் போயிருந்தது.

“அப்படின்னா உக்காருப்பா.”

உள்ளே போன காலை எடுத்தார். “மச்சான், நீயே வந்து இவங்களைக் கேளு” என்று குரல் கொடுத்துவிட்டு, அத்தனை பிள்ளைகளும் பார்க்க மேல்படியில் உட்கார்ந்தார். குட்டி பக்கத்தில் உட்கார்ந்து, பையிலிருந்து கணக்குப் புத்தகத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.