பதினோராம் கேள்வியும் ‘சும்மா’ என்ற பதிலும்

பென்சிலால் எழுதி அழித்த சொல், தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் மீண்டும் தலைகாட்டும் என்பது அவளுக்கு அந்த வெள்ளிக்கிழமைதான் தெரிந்தது. நகரசபையின் கணக்கெடுப்புப் பிரிவு மேற்பார்வையாளர் சன்னலோரம் நின்று ஒரு படிவத்தை அப்படித்தான் பிடித்திருந்தார். கண்ணில் பட்டதையெல்லாம் சிவப்பு மையால் கோடிட்டுவிடும் வழக்கத்தால் அவருக்கு அலுவலகத்தில் ‘அடிக்கோட்டார்’ என்றே பெயர்.

“ஏம்மா, பதினொண்ணுல முதல்ல என்ன எழுதியிருந்தே?”

“எதுல சார்?”

“இப்ப ‘வீட்டில் தையல் வேலை’ன்னு இருக்கு. அதுக்கு அடியில ‘சும்மா’ன்னு ஒண்ணு தெரியுது. இல்ல, நான்தான் கண்ணாடி மாத்தணுமா?”

“கைப்பிழை சார்.”

“ஒரு தாள்ல வந்தா கைப்பிழை. நாப்பத்தோரு தாள்ல வந்தா அதுக்கு வேற பேரு.” அடுக்கிலிருந்து பாராமலே ஒரு தாளை உருவினார். “இருபத்தேழாம் வீடு. கிளம்பு, நேர்ல போய்க் கேட்டுட்டு வந்துருவோம்.”

இருபத்தேழாம் வீடு அவளுடைய அண்ணன் வீடு.

அவள் வீடு வீடாய்ப் போய்ப் படிவம் நிரப்பும் மூன்று மாதத் தற்காலிகப் பதிவுக்காரி. குறையில்லாமல் முடித்துக் கொடுத்தால் வேலை நிலைக்கும். விதிகள் இரண்டு. சொன்னதை எழுது, தோன்றியதை எழுதாதே என்பது ஒன்று. உறவினர் வீட்டை நீ எடுக்காதே, எடுத்தால் அந்தத் தெருக் கணக்கே செல்லாது என்பது மற்றொன்று. அண்ணன் வீட்டுக்கு அனுப்ப வேண்டிய வேறொரு பதிவுக்காரி அன்று விடுப்பில் இருந்தாள், நாள் முடிந்துகொண்டிருந்தது, ஒரு வீடுதானே என்று ஏறிவிட்டாள். இரண்டு விதிகளையும் ஒரே தாளில் உடைத்த பெருமை அவளுக்கு உரியது.

கணக்கெடுப்பு எதற்காக? துறைமுகத்துக்குப் பின்னால் அடுத்தடுத்து இரண்டு தெருக்கள். நூறாண்டுகளுக்கு முன் ஒரே துறையில் கரையேறிய இரண்டு கூட்டங்களின் வழிவந்தவர்கள் அங்கே குடியிருந்தார்கள். ஒரு கூட்டம் தோளில் துணிமூட்டையோடு வந்தது. வாசல் வாசலாய் விற்றது. மூட்டை கடையாயிற்று, கடை மாடியாயிற்று. மற்றொரு கூட்டம் கைநாட்டு வைத்த ஒப்பந்தத் தாளோடு வந்தது. பாதை வெட்டியது, பாலம் கட்டியது. வெட்டிய பாதையில் பிறர் நடந்தார்கள், கட்டிய பாலத்தைப் பிறர் கடந்தார்கள், வெட்டியவரும் கட்டியவரும் வாடகை வீட்டில் ஒடுங்கினார்கள். முன்னது மூட்டைத் தெரு, பின்னது ஒப்பந்தத் தெரு. ஒருவர் பேச்சு மற்றவர் வாயில் புழங்கும் அளவுக்குப் பழகியவர்கள். ஆனால் ஒருவர் வீட்டுப் படியை மற்றவர் ஏறியதில்லை. இரண்டில் ஒரு தெருவுக்குத்தான் நகரசபை குழந்தைக் காப்பகம் கட்டித்தரும். எந்தத் தெருவில் வேலை செய்யும் தாய்மார் அதிகமோ அந்தத் தெருவுக்கு. அதைத் தீர்மானிப்பது பதினோராம் கேள்வி: இல்லத்தரசி செய்யும் தொழில் என்ன?

ஒப்பந்தத் தெருவில் அந்தக் கேள்விக்குப் பெண்கள் பதில் சொல்லவில்லை. ஆண்கள் முந்திக்கொண்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்கள்: “அவ சும்மாதான் இருக்கா.”

அந்த நிமிர்வு எங்கிருந்து வந்தது என்று அந்தத் தெருவிலேயே பிறந்த பதிவுக்காரிக்குத் தெரியும். ஒப்பந்தக் காலத்தில் பிள்ளை பெற்ற மூன்றாம் நாளே பெண்ணைக் கல் சுமக்க அழைத்தது மேஸ்திரியின் விசில். அழைத்தபோது மறுக்க நாவில்லை, மறுத்தபோது உண்ணச் சோறில்லை. ஒப்பந்தம் தீர்ந்த அன்று அந்த ஆண்கள் கேட்ட முதல் உரிமை நிலமா, கூலியா? இல்லை. ‘என் பெண்டாட்டி இனிச் சும்மா இருப்பாள்’ என்று சொல்லும் உரிமை. அது விடுதலையின் சொல். நூறாண்டில் அது விலங்கின் சொல்லாயிற்று. சும்மா இருக்கிறவள் கதவை அடைத்துக்கொண்டு நாளெல்லாம் சட்டைக் காலர் தைக்கிறாள். யாராவது தட்டினால் தையல் மிஷின்மேல் போர்வையைப் போட்டு மூடுகிறாள்.

ஒப்பந்தத் தெருவை முடித்த மறுநாள் அவள் மூட்டைத் தெருவுக்குப் போயிருந்தாள். அங்கே பெரிய துணிக்கடையின் மாடியில், கடைக்காரர் மனைவி பதினோராம் கேள்விக்கு யோசிக்காமல் பதில் சொன்னாள்.

“பங்குதாரர்.”

“கடைக்கு எத்தன மணிக்கு இறங்குவீங்கக்கா?”

“நான் எங்க இறங்கறேன்? கல்யாணமாகிப் பதினாறு வருஷம். கீழ கடை, மேல நான்.”

“அப்ப பங்குதாரர்னு சொல்றீங்களே?”

“படிவம்னு வந்தா அப்படித்தான் சொல்லணும். எங்க சங்கத்துல சொல்லிக் குடுத்திருக்காங்க.” அவள் சிரித்தாள். “கையெழுத்து என்னுது. கல்லாச் சாவிய மட்டும் கண்ணால பாத்ததோட சரி. நீ எழுதிக்கம்மா, கீழ கேட்டுரப் போவுது.”

பதிவுக்காரி எழுதிக்கொண்டாள். உழைப்பவள் ஓரிடத்தில் சும்மா இருக்கிறாள். உழைக்கவே விடப்படாதவள் அடுத்த தெருவில் முதலாளியாக இருக்கிறாள். இரண்டு பொய்களையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் போட்டால் ஒப்பீட்டு அட்டவணை என்ன சொல்லும்? மூட்டைத் தெருவில் வேலை செய்யும் பெண்கள் நாற்பத்தெட்டு, ஒப்பந்தத் தெருவில் ஏழு என்று சொல்லும். ஒரு கூட்டம் சுறுசுறுப்பு, மற்றது சோம்பல் என்று சபையில் ஒருவர் எழுந்து படிப்பார். கைதட்டுவார்கள்.

அன்று மாலை அவள் அழிப்பானை எடுத்தாள். ஒப்பந்தத் தெருத் தாள்களில் தன் கண்ணாலும் காதாலும் அறிந்த நாற்பத்தொன்றைத் திருத்தினாள். மூட்டைத் தெருத் தாள்களைத் தொடவில்லை. ஏன் தொடவில்லை என்று தன்னைக் கேட்டுக்கொண்டாள், கேட்டதோடு சரி.

இப்போது அடிக்கோட்டார் குடையை ஊன்றிக்கொண்டு முன்னால் நடந்தார். அவள் இரண்டடி பின்தங்கி அண்ணனுக்குக் கைப்பேசியில் செய்தி தட்டினாள்: ‘அதிகாரி வர்றாரு. என்னைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க.’ நடந்துகொண்டே தட்டியதில் இரண்டு முறை எழுத்து தப்பாய் விழுந்தது. அண்ணனுக்குச் சரக்குக் கிடங்கில் இரவு வேலை, இந்நேரம் தூங்குவான். பார்ப்பானா? அவன் பார்க்காவிட்டால் கெட்டது. பார்த்தாலும் அவன் நடிப்பு எப்படி இருக்குமோ என்பது அதைவிடப் பெரிய கவலை.

ஒப்பந்தத் தெருவுக்குள் அவருடைய காலடி விழுந்ததும் முதல் கதவுக்குப் பின்னிருந்த ஓசை நின்றது. பிறகு இரண்டாவது. மூன்றாவது. மழை தூறி ஓய்வதுபோல் தெரு அவர்களுக்கு முன்னால் ஓய்ந்துகொண்டே போயிற்று.

“அமைதியான தெரு,” என்றார் அவர்.

மாடியேறித் தட்டியதும் அண்ணன் கதவைத் திறந்தான். செய்தியைப் பார்த்திருக்கிறான் என்பது விறைத்த முகத்திலேயே தெரிந்தது.

“யாருங்க? யார் வேணும்?”

“நகரசபை. போன வாரம் இந்தப் பொண்ணு வந்து கணக்கு எடுத்தாங்களே.”

“இல்லீங்களே. இந்த மூஞ்சிய நான் பொறந்ததுல இருந்து பாத்ததே இல்ல.”

“அப்படியா? இதுல உங்க கையெழுத்து இருக்கே. மூஞ்சியப் பாக்காமலே போட்டீங்களா?”

“அது… குனிஞ்சு போட்டேன் சார்.”

அவளுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒரே அறை, நடுவில் திரை, திரைக்கு அப்பால் அண்ணன் எழுந்து வந்த பாய். சுவரோரம் பூப்போட்ட போர்வை மூடிய ஏதோ ஒன்று, அதன் மேல் ஒரு கடிகாரம். அருகில் அண்ணி, தலைமுடியில் நூல் பிசிறோடு நின்றாள். மேசைக் காலில் வெள்ளைத் துணிப்பட்டை ஒன்று கட்டியிருந்தது. அதன் மறுமுனையில் ஒன்றரை வயது மகள், வீட்டில் உருண்டை என்று அழைக்கப்படுகிறவள், இடுப்பில் முடிச்சோடு உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரலில் கட்டு.

உருண்டை நிமிர்ந்து பார்த்தது. இரண்டு கையையும் நீட்டியது.

“அத்த!”

“யாரப் பாத்தாலும் அத்தைம்பா சார்,” என்றாள் அண்ணி. “நேத்து கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தாரே, மீசக்காரரு, அவரும் இவளுக்கு அத்தைதான்.”

அடிக்கோட்டார் குழந்தையைப் பார்த்தார், முடிச்சைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். “சரி, பதினோராம் கேள்வி. இந்த வீட்டம்மா செய்யற தொழில் என்ன?”

“தொழிலா?” அண்ணன் நிமிர்ந்தான். நடிப்பெல்லாம் உதிர்ந்துவிட்டது, இது அவனுடைய சொந்தக் குரல். “சும்மாதான் இருக்கா சார். பொம்பளைய வேலைக்கு அனுப்பித் திங்கற குடும்பம் இல்ல இது.”

“நீங்க சொல்லுங்கம்மா.”

அண்ணி கணவனைப் பார்த்தாள். “அவரு சொன்னதுதான்.”

சிவப்புப் பேனாவின் மூடி கழன்றது. “அப்ப இந்தத் தாள் பொய். மீதி நாப்பதும் அப்படித்தான்,” என்றார் அவர் பதிவுக்காரியிடம். “‘சும்மா’ன்னே திருத்திடறேன். நீ ஏதாவது சொல்லணுமா?”

அவள் குழந்தையின் கட்டைவிரலைப் பார்த்தாள். ஒரு கோடு விழுந்தால் இந்தத் தெருவின் நாற்பத்தொரு பெண்கள் தாளிலிருந்து மறைந்துபோவார்கள். காப்பகம் அடுத்த தெருவுக்குப் போகும். இந்தத் துணிப்பட்டை இந்த மேசைக்காலில் இருக்கும். இன்னொரு குழந்தை பிறந்தால் இன்னொரு பட்டை வரும். அவள் நாக்கு அவளைக் கேளாமல் புரண்டது.

“அண்ணி, நேத்து காலைல எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செஞ்சீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

அண்ணிக்கு அது கேள்வியாகவே படவில்லை. கதைதானே கேட்கிறாள் என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

“நேத்தா? அஞ்சு மணிக்கு எந்திரிச்சேன். காலர் மூட்டை முந்தின நாளே வந்துருச்சு. இவரு ஏழு மணிக்கு வருவாரு, வந்தா தூங்கணும், அதனால அதுக்குள்ள சத்தமா ஓட்டறதெல்லாம் ஓட்டிருவேன். இவரு படுத்தப்புறம் மெதுவா மிதிப்பேன். உருண்டையக் கட்டிப் போட்டுட்டுத்தான். பத்து காலருக்கு ஒரு தடவ திரும்பிப் பாப்பேன். போன செவ்வாக்கிழம அவசர மூட்டை. பதினஞ்சாவதுலதான் திரும்பினேன். அதுக்குள்ள கீழ கெடந்த ஊசிய எடுத்துட்டா.” அவள் நிறுத்தினாள். “நேத்து நூத்து நாப்பது காலர் முடிச்சேன். மீதி நேரம் சும்மாதான் இருந்தேன்.”

பொருத்தமே இல்லாத இடத்தில் அந்தச் சொல் வந்து விழுந்தது. அண்ணன் போர்வை மூடிய மிஷினைப் பார்த்தபடி நின்றான். அவனுக்குத் தெரியாதது எதுவும் அதில் இல்லை. ஆனால் காலையில் தொடங்கி இரவு வரை ஒரே மூச்சில் அவன் அதைக் கேட்டதில்லை.

அடிக்கோட்டார் பேனாவை மூடினார்.

“என்னன்னு கூப்பிட்டே இப்ப?”

“சார்?”

“ஊரெல்லாம் அக்கா அக்கான்னு கூப்பிடற ஆளு நீ. இங்க மட்டும் எப்படி அண்ணி ஆச்சு?”

மறைக்க இனி என்ன இருக்கிறது? “எங்க அண்ணி சார். இது எங்க அண்ணன் வீடு.”

“மூஞ்சியப் பாத்ததே இல்லன்னாரு?”

“அவன் அப்படித்தான் சார்.”

அவர் தாளை நாலாய் மடித்தார். குரலில் கோபமில்லை, அதுதான் அச்சமாக இருந்தது. “இந்தத் தெருத் தாள் ஒண்ணும் செல்லாது. திங்கக்கிழம வேற ஆள் வந்து முதல்ல இருந்து எடுக்கணும். நீ நாளையிலேர்ந்து வர வேண்டாம்.”

“வர்றவங்க இதே கேள்வியத்தான் கேப்பாங்களா சார்?”

அவர் படியிறங்கினார். அவள் பின்னாலேயே இறங்கினாள். தெருவில் பத்தடி நடந்திருப்பார்கள். பின்னால் ஒரு மிஷின் ஓடத் தொடங்கியது. பிறகு இன்னொன்று, எதிர்ச்சாரியில் ஒன்று. அவர் நின்றார், திரும்பினார். வந்த வழியே இரண்டடி நடந்தார், ஓசைகள் அடங்கின. மறுபடி முன்னால் நடந்தார். முதுகுக்குப் பின்னால் தெரு உயிர்த்தது. குடையை ஊன்றி நின்றார்.

“உள்ள கேட்டியே, அந்தக் கேள்விய அப்படியே எழுதிக் குடு.”

செல்லாத தாளின் பின்பக்கத்தில், அவருடைய சிவப்புப் பேனாவால், சுவரில் வைத்து எழுதினாள். கொடுக்கும்போது தாளின் முனையை விடாமல் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டு தெருவுலயும் கேக்கணும் சார்.”

“அங்க எதுக்கு? அங்கதான் வீட்டுக்கு வீடு பங்குதாரரா இருக்காங்களே.”

“அதுக்குத்தான் சார். மாடிய விட்டு இறங்காத பங்குதாரர். அவங்க பொய்யையும் நான் அழிச்சிருக்கணும். நம்மாளுங்கதுன்னு இத மட்டும் அழிச்சேன்.”

அவர் அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். “கேள்விய மாத்தற அதிகாரம் எனக்கில்ல. மேல கேக்கணும். வேணாம்னாலும் சொல்லுவாங்க.” பேனாவை வாங்கி, ‘ஒன்று விடாமல்’ என்பதன் கீழே ஒரு கோடு இழுத்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தார்.

அவர் கடந்த கதவெல்லாம் ஓய்ந்தது. அண்ணன் வீட்டு மிஷின் மட்டும் ஓயவில்லை. அவள் திரும்பி வந்து மாடியின் கீழ் நின்று காது கொடுத்தாள். ஒரு காலருக்கு ஒரு ஓட்டம். எட்டு. ஒன்பது. பத்து. பத்தாவதில் அண்ணி நிறுத்தித் திரும்பிப் பார்க்க வேண்டும். நிறுத்தவில்லை. பதினொன்று. பன்னிரண்டு. ஊசியும் கட்டைவிரலும் நினைவில் பாய, அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறினாள்.

கதவு திறந்தே கிடந்தது. போர்வை தரையில் கிடந்தது. அண்ணி மிஷினில் குனிந்திருந்தாள். அவிழ்ந்த பட்டை மேசைக்காலில் தொங்க, அண்ணன் சுவரில் சாய்ந்து, சிவந்த கண்ணோடு, உருண்டையை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். குழந்தை அவன் மூக்கைத் திருகியது.

“வேலை போச்சா?” என்றான்.

“போச்சு.”

“என்னாலதானே?”

“இல்ல. அண்ணின்னு கூப்பிட்டதால.”

அவன் கொட்டாவியை அடக்கினான். “திங்கக்கிழமைக்கு இன்னும் எத்தன நாள் இருக்கு?”

“மூணு.”

“மூணு நாள் தூங்காம இவளப் பாத்துக்கலாம்,” என்றான். பிறகு மிஷின் ஓசைக்கு மேலாகக் குரலை உயர்த்திக் கேட்டான்: “அதுக்கப்புறம்?”