மூன்றாம் லைனில் நீலக்கொடி

ஆல்வின் ஹோஸ்டெட்லர் செத்துப் பல வருடம் ஆன பிறகும் காகித ஆலையின் மூன்றாம் ரயில் லைனில், ஒரு சரக்குப் பெட்டிக்கு அடியில், வேலை பார்த்துக்கொண்டிருந்தான். விஸ்கான்சின் ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊர் அதைப் பெரிதாகப் பேசவில்லை. அந்த வருடம் மீன் வறுவல் விலை ஏறியிருந்தது, அதைப் பேசினார்கள்.

ஆலைக்கும் பெரிய ரயில்பாதைக்கும் நடுவே ஓடிய சின்ன ரயில் கம்பெனிக்கு ஒரே இன்ஜின். மரக்கூழ் பெட்டிகளை உள்ளே தள்ளுவதும் காகித உருளை ஏற்றிய பெட்டிகளை வெளியே இழுப்பதுமாக நாள் முழுக்க ஷண்டிங். ஆல்வின் பெட்டிகளைப் பழுது பார்ப்பவன். பெட்டிக்கு அடியில் புகுமுன் தண்டவாளத்தில் நீலக்கொடி நட வேண்டும். கொடி நிற்கும் லைனில் எதையும் அசைக்கக் கூடாது. நட்டவனே வந்துதான் பிடுங்க வேண்டும். ஓர் அக்டோபர் மதியம் கொடியை நட்டுவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வந்தவன், மனைவி ஐரீன் ஊற்றிய சூப்பு ஆறுவதற்குள் மேசையிலேயே சாய்ந்துவிட்டான். அடக்கம் முடிந்த மறுநாள் டிரைவர் லீராய் குபியாக் இன்ஜினை மூன்றாம் லைனுக்குக் கொண்டுபோனான். பெட்டிக்கு அடியில் சுத்தியல் சத்தம் கேட்டது: டக் டக், கொஞ்சம் யோசனை, டக். அது ஆல்வினின் கைதான். லீராய் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "ஆள் வேலைல இருக்கான்" என்று சொல்லி இன்ஜினைப் பின்னால் எடுத்தான்.

பெட்டியின் சாயம் உரிந்தது, தண்டவாளத்தின் நடுவே பிர்ச் மரக்கன்று முளைத்தது, கொடி மட்டும் வெளுக்கவில்லை. ஐரீன் மதியம்தோறும் காபி ஃபிளாஸ்க்கோடு வந்து பழைய கட்டைகள்மேல் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்பாள். அவள் அங்கேயே விட்டுப்போன ஃபிளாஸ்க் மாலையில் காலியாக இருக்கும். லீராய் குடிக்கிறான் என்றார்கள். லீராய்க்குக் காபி ஆகாது. அரிசோனாவிலிருந்து மகள் கெயில் வீட்டை விற்றுவிட்டு வரச் சொல்லிப் போன் செய்யும்போதெல்லாம் ஐரீனின் பதில் ஒன்றுதான்: "அப்பாவுக்கு ஷிப்ட் முடியலடி."

பிறகு ஆலையில் புது இயந்திரம் வந்தது. வசந்தத்துக்குள் மூன்றாம் லைன் வேண்டும், இல்லையென்றால் சரக்கு லாரிக்குப் போகும் என்றார்கள். ரயில் கம்பெனி மேனேஜர் தானே போய்க் கொடியைப் பிடுங்கினார். கையோடு வந்தது, திரும்பிப் பார்த்தால் இருந்த இடத்திலேயே நின்றது. கடைசியில் லீராய் ஐரீன் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"உன் புருஷன் உயிரோட இருந்தப்பவே ஆமை வேலைதான் செய்வான். அதுக்காக ஒரு பெட்டிக்கு இத்தன வருஷமா?"

"செத்த மனுஷனக் கிண்டல் பண்ணாத. வந்த விஷயத்தச் சொல்லு."

"லாரிக்கு மாத்திட்டா நாங்க எல்லாரும் வீட்டுக்குத்தான், ஐரீன். என் பேச்ச அவன் என்னிக்குக் கேட்டான்? நீ சொன்னாக் கேப்பான்."

அந்தச் சத்தம் நின்றுபோனால் அவளுக்கு மதியம் என்று ஒன்று இருக்காது. அது லீராய்க்கும் தெரியும்; தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றான்.

மறுநாள் அவள் ஃபிளாஸ்க் எடுக்காமல் போனாள். சக்கரத்தருகே மண்டியிட்டாள். "ஆல்வின், போதும். மத்த பெட்டிங்க காத்துக்கிட்டு நிக்குது. கையக் கழுவிட்டு வீட்டுக்கு வா. சூப்பு ஆறுது."

சுத்தியல் நின்றது. அவள் எழுந்து பார்த்தபோது கொடியும் இல்லை. லீராய் இன்ஜினை மெல்லக் கோத்து இழுத்தான். அத்தனை வருடத் துருவும் பொருட்டில்லாமல், நேற்று எண்ணெய் போட்டதுபோல் பெட்டி நகர்ந்தது. ஐரீன் அதைப் பார்க்க நிற்கவில்லை. சத்தமில்லாத வீட்டுக்குப் போக மனமில்லாமல் ஆற்றைச் சுற்றிக்கொண்டு நடந்தாள்.

வாசற்படி ஓரம் நீலக்கொடி நட்டிருந்தது. சமையலறைத் தரைக்கு அடியில் டக் டக், கொஞ்சம் யோசனை, டக்.

கோடையில் கெயில் ஒரு வீட்டுத் தரகரோடு வந்தாள். தரகர் உள்ளூர்க்காரர், தகப்பனும் ரயிலில் வேலை பார்த்தவர். கொடியைப் பார்த்தார், காது கொடுத்துக் கேட்டார். நட்டவன் வந்து பிடுங்கும்வரை இந்த வீட்டில் எதையும் அசைக்க முடியாது என்று கெயிலிடம் பொறுமையாகச் சொல்லிவிட்டு, ஐரீன் கொடுத்த காபியைக் குடித்துவிட்டுப் போனார்.