புதுசு வருவதற்குள்

நவநீதனுக்கு எந்தப் பொருளும் கைக்கு வந்த மறுமாதமே பழசாகிவிடும். போன், பைக், ஹெட்போன் எல்லாம் அப்படித்தான் வந்து போயின. தலத்தெரு வீட்டில் டிவிக்குக் கீழே இருந்த கேம் கன்சோல் மட்டும் ஐந்தாறு வருடமாக அசையாமல் உட்கார்ந்திருந்தது. அடுத்த தலைமுறைக் கன்சோல் வரப்போகிறது என்று யூடியூபில் ஒருவன் சொன்னதிலிருந்து அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"ஒரு கன்சோலுக்கு ஏழு வருசந்தான் ஆயுசு. ஏழரைச் சனி மாதிரி. அதுக்கு மேல வச்சிருந்தா நமக்குத்தான் புடிச்சிக்கும்," என்றான் மனைவியிடம்.

பிரதீபா பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் டீச்சர். அவள் ஆடியது ஒரே ஒரு கேம்தான். தொலைந்துபோன தங்கையைத் தேடிப் பனிமலை ஏறும் ஒருத்தியின் கதை அது. குறுக்குவழி காட்டினாலும் போகமாட்டாள். வழியில் தென்படுகிறவர்களிடமெல்லாம் நின்று பேசுவாள். நவநீதன் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டாவி விடுவான். விடைத்தாள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆடி, ஒருவழியாகக் கடைசிக் கோட்டை வாசலுக்கு வந்துவிட்டிருந்தாள்.

"தங்கச்சியப் பாத்துட்டேன்னா போதும். அப்புறம் என்ன வேணா செஞ்சுக்குங்க. பரீட்சை முடியட்டும்," என்றாள்.

அவனும் சரி என்றுதான் தலையாட்டினான். பழைய போனும் கன்சோலும் வாங்கி விற்கும் ஜவஹர் அலிதான் அவனைக் கிளப்பிவிட்டார்.

"அறிவிப்பு வந்துட்டா இத யாரும் சீந்தமாட்டாங்க தம்பி. குடுக்குறதா இருந்தா இப்பவே குடுத்துருங்க."

அதற்குப் பிறகு அறிவிப்பு வந்துவிட்டதா என்று பார்ப்பதே ஆபீசில் அவனுக்கு வேலையாகிவிட்டது. வீட்டில் பிரதீபா விடைத்தாள் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம், இவள் எப்போது திருத்தி எப்போது ஆடி முடிப்பது என்று பல்லைக் கடித்தான்.

இதற்கிடையில் சனிப்பெயர்ச்சி வந்தது. மகர ராசிக்காரனான அவனுக்கு ஏழரை முடிந்தது. கூட்டம் வடிந்த ஒரு சனிக்கிழமை காலை திருநள்ளாறு போய், நல்லெண்ணெய் தேய்த்து நளன் குளத்தில் முழுகி, உடுத்தியிருந்த பழைய துணியை அங்கேயே தொட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்தான். விட்டதைத் திரும்பிப் பார்த்தால் சனி பகவானும் கூடவே கிளம்பிவிடுவார் என்று சொல்லி வளர்த்த ஊர்.

உடம்பு லேசாகிவிட்டது. அந்த வேகம்தான் ஆளைக் கெடுத்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் கன்சோல் கண்ணில் பட்டது. பிரதீபா சிறப்பு வகுப்புக்குப் போயிருந்தாள். இதையும் இன்றோடு விட்டுத் தொலைக்கலாம் என்று கை பரபரத்தது. அவள் இதுவரை ஆடியது கன்சோலுக்குள்தான் பதிவாகியிருந்தது. அதை இணையத்தில் ஏற்றிவைத்திருக்கலாம்; அதற்கான சந்தாவைத்தான் புதுசு வரப்போகிறதே என்று போன மாதம் நிறுத்தியிருந்தான். புதுசில் முதலிலிருந்து ஆடட்டும், படமும் பளிச்சென்று இருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். அவளுடைய டிஸ்க்கை மட்டும் எடுத்து வைத்துவிட்டு, உள்ளே இருந்ததையெல்லாம் அழித்து, ஒயரைச் சுருட்டி, ஜவஹர் அலியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான். அங்கேயும் திரும்பிப் பார்க்கவில்லை.

மத்தியானம் பிரதீபா வந்தாள். தோளிலிருந்த பையைக்கூட இறக்கவில்லை.

"எங்கங்க?"

அவன் சொன்னான். டிஸ்க்கை எடுத்து நீட்டினான். பளிச்சென்ற படத்தைப் பற்றியும் சொன்னான்.

"நல்லாருக்கணும்னு நான் கேக்கலங்க. முடிக்கணும்னு கேட்டேன்," என்றாள். குரல் உயரவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்காமல் அடுப்படிக்குப் போனாள். நவநீதனுக்குத் தன்மேலேயே வெறுப்பாக வந்தது.

பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினான். ஜவஹர் அலி மறுபேச்சில்லாமல் கன்சோலைத் தூக்கி மேசைமேல் வைத்தார்.

"பொட்டிய எடுத்துட்டுப் போங்க தம்பி. உள்ள இருந்தத நீங்கதான அழிச்சீங்க. அத நான் எங்கேருந்து குடுக்குறது?"

கழித்துவிட்டதைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகிறோமே என்று வழியெல்லாம் சனி பகவானிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டான். ஆனாலும் கொண்டுவந்தான். ஒயரை மாட்டி, டிஸ்க்கைப் போட்டான். புதிய ஆட்டம் தொடங்கவா என்ற கேள்வி மட்டும் திரையில் நின்றது. பிரதீபாவைக் கூப்பிட்டுக் கண்ட்ரோலரை நீட்டினான்.

அவள் வாங்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீங்க ஆடுங்க. கோட்டை வாசல் வரைக்கும் கொண்டாந்து குடுங்க. அப்புறம் நான் பாத்துக்குறேன்."

வாங்கிய எந்த ஆட்டத்தையும் அவன் பாதிக்குமேல் தாண்டியதில்லை. மலையடிவாரத்தில் ஆடு மேய்க்கும் ஒருவன் நிறுத்தி, தன் ஊர்க் கதையை ஆரம்பித்தான். நவநீதனின் விரல் தானாகவே பேச்சைத் தாண்டும் பொத்தானுக்குப் போனது.

"அவன் பேசி முடிக்கட்டும்," என்றாள் பிரதீபா.

விரலை எடுத்துக்கொண்டான். ஆட்டுக்காரன் பேசிக்கொண்டே இருந்தான். மலையோ உச்சி தெரியாமல் நின்றது. நவநீதனின் கால் ஆடத் தொடங்கியது.

"வாசலுக்குப் போக எத்தன நாளாகும் பிரதீபா?"

"எனக்கு நாலு வருசம் ஆச்சு," என்றாள்.